முறை சொல்லிக் கூப்பிட்டவர்

1

இலையில் சோறு பாதி இருக்கும்போதே என் வீட்டுக்காரர் எழுந்து நின்றுவிட்டார்.

வடவள்ளியில் என் தம்பி கார்த்தி புதிதாகக் கட்டிய வீட்டில், புதுமனைப் புகுவிழா முடிந்த மறுநாள் மத்தியானம் நடந்தது இது. வாசலில் பந்தல் இன்னும் பிரிக்கவில்லை. வந்த உறம்பரை, சொந்தக்காரர்கள் எல்லாம் கிளம்பிப் போயிருந்தார்கள். வீட்டு ஆட்கள் மட்டும் கூடத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். ஜெர்மனியிலிருந்து சில வருடங்கள் கழித்து வந்தவர்கள் என்று எங்களுக்கு இலையில் எல்லாமே ஒரு கரண்டி கூடுதல். கார்த்திதான் பரிமாறினான். ரசத்தை ஊற்றிக்கொண்டே தன் அக்கா புருசனைப் பார்த்துக் கேட்டான்.

"ஏனுங்க மச்சான், அந்தூர்ல ரசத்தையும் கத்தி முள்ளு வெச்சுத்தான் குடிக்கோணுங்களா? கையில பெசையறதுக்கு இத்தன ரோசன பண்றீங்களே!"

இதெல்லாம் ஒரு பேச்சா? எங்கள் பக்கத்தில் மாமன் மச்சான் முறைக்காரர்கள் ஒரு பந்தியில் உட்கார்ந்தால் இதைவிட மோசமாகப் பேசுவார்கள். பேசாவிட்டால்தான் என்னவோ மனஸ்தாபம் என்று அர்த்தம். எல்லோரும் சிரித்தோம். என் வீட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. எச்சில் கையோடு எழுந்து நின்று, தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

"தப்புதானுங்க மச்சான். இனிமேல் சரியாப் பண்ணிப்போடறேனுங்க."

என் தம்பியை அவர் ஒருநாளும் "மச்சான்" என்று கூப்பிட்டதில்லை. கல்யாணமான நாளிலிருந்து "மாப்ள"தான். அவர் யாரிடம் பேசுகிறார் என்று எனக்கு அந்த நொடியில் புரிந்துவிட்டது. கார்த்தி ரசச் சட்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றான். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை.

"உக்காருங்க மச்சான். நான் கேலிக்குத்தானுங்க சொன்னேன்," என்றான்.

அவர் உட்கார்ந்தார். ஆனால் அதற்குப் பிறகு ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை.

2

எங்கள் கதையை முதலிலிருந்து சொன்னால்தான் இது விளங்கும்.

என் வீட்டுக்காரர் கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில் சிஎன்சி இயந்திரங்களுக்குப் புரோகிராம் எழுதுகிற வேலையில் இருந்தார். இரும்பை எந்தப் பக்கம் எவ்வளவு சீவ வேண்டும் என்று இயந்திரத்துக்குச் சொல்லிக்கொடுக்கிற வேலை. அதில் கெட்டிக்காரர். அங்கே வேலை சுருங்கிப் போனபோது, ஜெர்மனியில் ஆள் எடுக்கிறார்கள் என்று யாரோ சொல்ல, அவர் முதலில் போனார். பின்னால் நானும் மகள் இனியாவும் போய்ச் சேர்ந்தோம். நெக்கர் ஆற்றங்கரையில் சின்ன ஊர். பெயரைச் சொன்னால் உங்கள் வாயிலும் நுழையாது, என் வாயிலும் இன்றுவரை சரியாக நுழைவதில்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்த வருடத்தில் பக்கத்து நகரத்தில் தமிழர்கள் சேர்ந்து நடத்திய பொங்கல் விழாவுக்குப் போனோம். குளிரில் உடம்பு விறைத்துக்கொண்டு, மின்சார அடுப்பில் பொங்கல் பொங்குவதை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றபோது பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஏனுங்க, கோயமுத்தூருங்களா?"

எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அந்த "ஏனுங்க"வைக் கேட்டு எத்தனை நாளாகியிருந்தது!

அவர்தான் சுப்பிரமணியம். பெருந்துறைப் பக்கத்துக்காரர். என் வீட்டுக்காரரைவிட வயதில் மூத்தவர். அந்த ஊருக்கு வந்து வெகுகாலமாகியிருந்தது. ஜெர்மன் மொழி தண்ணீராக வரும். நம் ஊர்க்காரர்கள் இரண்டு பேர் சந்தித்தால் அடுத்து என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். எந்த ஊர், எந்தக் கோயில், எந்தக் கூட்டம், அதாவது எந்தக் குலம் என்று கேள்வி போகும். ஒரே கூட்டம் என்றால் பங்காளி. வேறு வேறு என்றால் மாமன் மச்சான். தோசைக்கல் காய்கிற நேரம்கூட ஆகாது, ஒரு சொந்தம் உருவாகிவிடும்.

"அட சாமி! அப்ப நீங்க எனக்கு மாப்ள முறையாகோணும்!" என்று சொல்லி அவர் என் வீட்டுக்காரரின் தோளில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். "மச்சானுங்க" என்று இவரும் கையெடுத்துக் கும்பிட்டார்.

அன்று வீட்டுக்கு வந்து நான் ஒப்புட்டு, அதாவது போளி, சுட்டேன். அந்நிய மண்ணில் ஒரு உறவுமுறை கிடைத்துவிட்டதே, வேறென்ன வேண்டும்? கொஞ்ச நாளில் அவர் வேலை பார்க்கிற தொழிற்சாலையிலேயே இவருக்கும் வேலை வாங்கிக் கொடுத்தார். பழைய இடத்தைவிட நல்ல வேலை. அவர் அங்கே குழுத் தலைவர். இவர் அவருக்குக் கீழே. எங்களுடைய தங்கும் அனுமதி அந்த வேலையோடு கட்டப்பட்டது. வேலை போனால் அனுமதியும் ஆட்டம் காணும். நிரந்தர அனுமதி கிடைக்கும்வரை அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க வேண்டும்.

3

அந்த ஊரில் மத்தியானம் ஆனால் போவோர் வருவோர் எல்லாம் ஒருவரைப் பார்த்து ஒருவர் "மால்ட்சைட்" என்பார்கள். சாப்பாட்டு வேளை வணக்கம், அவ்வளவுதான். பதிலுக்கு நாமும் அதையே சொல்லிவிட்டு நடக்க வேண்டும். என் வீட்டுக்காரருக்கு அது தெரியவில்லை. நம் ஊரில் கேட்பதுபோல, சாப்பிட்டாயா என்று அக்கறையாகக் கேட்கிறார்கள் என்று நினைத்துவிட்டார். கேட்ட ஒவ்வொருவரிடமும் நின்று, "இன்னும் இல்லீங்க, டப்பா கொண்டாந்திருக்கேன், அரிசியும் பருப்பும்" என்று உடைந்த ஜெர்மன் மொழியில் விவரமாகப் பதில் சொல்லியிருக்கிறார். வீட்டில் வந்து அவரே இதைச் சொல்லிச் சிரித்தார். நானும் விழுந்து விழுந்து சிரித்தேன்.

சுப்பிரமணியம் அதைப் பிடித்துக்கொண்டார். சாப்பாட்டு அறையில் எல்லோர் முன்னாலும் இவரைப்போலவே குனிந்து, கும்பிட்டு, நடித்துக் காட்டினார். முதல்முறை எல்லோரும் சிரித்தார்கள், இவரும் சேர்ந்துதான். பிறகு அது வாடிக்கையாகிவிட்டது. புது ஆள் யார் வந்தாலும் அந்தக் கூத்து உண்டு. நாளாக ஆக மற்றவர்கள் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தார்கள். சிரித்தது அவர் ஒருவர்தான்.

என் வீட்டுக்காரர் டப்பா கொண்டுபோவதை நிறுத்தினார். ஏன் என்று கேட்டேன். "அங்கயே ரொட்டி வாங்கித் தின்னுக்கறேன், உனக்கெதுக்கு அம்மணி காலைல சிரமம்," என்றார். எனக்காகப் பார்க்கிறார் என்று பூரித்துப் போனேன். என் புத்தியை என்னவென்று சொல்ல!

பிறகு தொழிற்சாலைக் கூட்டத்துக்கு நேரம் மாறியதை அவர் எல்லோருக்கும் சொல்லிவிட்டு இவருக்கு மட்டும் சொல்லாமல் விடுவது. இவர் தாமதமாக உள்ளே நுழைந்ததும், "வாங்க மாப்ள, கோயமுத்தூர் ரயில் இப்பத்தான் வந்துதுங்களா?" என்பது. இவர் எழுதிய புரோகிராமைத் தன்னுடையது என்று மேலே காட்டுவது. பிழை வந்தால் மட்டும் "எங்க மாப்ள பண்ணுனதுங்க" என்பது. ஜெர்மன்காரர்கள் இவரிடம் ஏதாவது கேட்டால் இவருக்கு முன்னால் தானே பதில் சொல்லிவிடுவது. வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு அனுமதியைப் புதுப்பிக்கப் போனபோது உதவிக்கு என்று அவரும் வந்தார். அங்கே இருந்த அம்மாள் இவரைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார், சுப்பிரமணியம் பதில் சொன்னார். அந்த அம்மாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "நான் இவரைக் கேட்டேன்," என்றார். அன்று எனக்கு அந்த அம்மாள் மேல்தான் கோபம் வந்தது. எவ்வளவு திமிர் என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டு வந்தேன்.

சனிக்கிழமைகளில் சுப்பிரமணியம் வீட்டுத் தோட்டத்தில் புல் வெட்டவும் அவர் வீட்டுச் சுவருக்கு வெள்ளையடிக்கவும் இவர் போனார். "நம்ம ஊடுதானுங்களே மாப்ள" என்பார் அவர். சரிதானே, மச்சான் வீட்டு வேலைக்கு யாராவது கணக்குப் பார்ப்பார்களா? ஒருநாள் எங்கள் வீட்டுச் சோபாவில் சாய்ந்துகொண்டு, நான் கொடுத்த காபியைக் குடித்தபடி, சிரித்துக்கொண்டே சொன்னார்: "மாப்ளயோட விசா நம்ம கையிலதானுங்க இருக்குது. அதனாலதான் இப்படிப் பவ்யமா இருக்கறாரு, இல்லீங்களா மாப்ள?" இவரும் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அவர் ஒரு கெட்ட வார்த்தை பேசியதில்லை. குரலை உயர்த்தியதில்லை. ஒவ்வொரு பேச்சிலும் "ங்க" இருந்தது, "கண்ணு" இருந்தது, முறை இருந்தது. நம் ஊரில் ஒரு மேஸ்திரி கத்தினால், கெட்டவன் என்று உடனே கண்டுபிடித்துவிடுவோம். மரியாதையோடு மிதிக்கிறவனை எப்படிக் கண்டுபிடிப்பது? மச்சான் கேலிக்குக் கோபித்துக்கொண்டால் நம்மைத்தான் சிடுமூஞ்சி என்பார்கள். நடந்த ஒவ்வொன்றுக்கும் எங்களிடம் ஊரிலிருந்து கொண்டுபோன ஒரு நல்ல காரணம் தயாராக இருந்தது.

4

முதலில் கண்டுபிடித்தது என் மகள்.

இனியாவின் தமிழ் இப்போது அரையும் குறையுமாகப் போய்விட்டது. மாமா, சித்தப்பா, பெரியப்பா எல்லோரும் அவளுக்கு ஒரே ஆள்தான். ஜெர்மன் மொழியில் எல்லோரும் "ஓங்கல்". யாருக்கு என்ன முறை என்று சொல்லிக்கொடுத்தால், "அம்மா, இதுக்குப் பரிச்சை வெப்பாங்களா?" என்று கேட்கிறவள். சுப்பிரமணியம் வந்தால் கதவைச் சாத்திக்கொண்டு அறைக்குள் போய்விடுவாள். மரியாதை தெரியாமல் வளர்கிறாளே என்று எனக்கு மனசு எரியும்.

ஒருநாள் அவர் போனதும் அறையிலிருந்து வெளியே வந்து கேட்டாள்.

"அப்பாவ அவரு ஏன் இப்படிப் பண்றாரு?"

"எப்படிடி பண்றாரு? மாமா முறைடி அவரு உனக்கு. அப்பாவுக்கு மச்சான். கேலி பேசறாரு."

"என் கிளாஸ்ல ஒருத்திய நாலு பேரு இப்படித்தான் பண்ணுனாங்க. சிரிச்சுட்டே பண்ணுனாங்க. டீச்சர் எங்களையெல்லாம் உக்கார வெச்சு, இது கேலி இல்ல, கொடுமைன்னு சொல்லிக்குடுத்தாங்க. அவ பள்ளிக்கூடத்தையே மாத்திட்டுப் போயிட்டா."

"வாய மூடு," என்றேன். "பெரியவங்க விசயத்துல பேசாத."

முறை தெரியாத பிள்ளைக்குத்தான் அது கண்ணில் பட்டது. முறை தெரிந்த எனக்குப் படவில்லை.

அடுத்துச் சொன்னது ரெனாட்டே. தொழிற்சாலையில் என் வீட்டுக்காரர் மேசைக்குப் பக்கத்து மேசைக்காரி. செய்து முடித்த உருப்படிகளை அளந்து பார்க்கிற வேலை. ஓய்வு பெறப் போகிற வயது. கோடையில் தொழிற்சாலைக் குடும்ப விழா நடந்தபோது என்னைத் தேடி வந்து ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனாள். இனியா மொழிபெயர்த்தாள்.

"அந்த மனிதர் உங்கள் கணவரிடம் என்ன சொல்கிறார் என்று எனக்குத் தெரியாது. எனக்கு உங்கள் மொழி தெரியாது. ஆனால் அவர் வந்தவுடன் உங்கள் கணவர் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிடுகிறார். அவர் போகும்வரை உட்காருவதில்லை. எங்கள் முதலாளி வந்தால்கூட நாங்கள் யாரும் எழுவதில்லை. இது சரியில்லை."

"அது எங்க ஊர் மரியாதைன்னு சொல்லு," என்றேன் மகளிடம். இனியா என்னையே பார்த்தாள். பிறகு அதை அப்படியே சொன்னாள். ரெனாட்டே என் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகுதான் நானும் கொஞ்சம் கொஞ்சமாகப் பார்க்கவும், அங்கங்கே கேட்டுத் தெரிந்துகொள்ளவும் ஆரம்பித்தேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனால் என் வீட்டுக்காரருக்கு வயிற்றைப் பிசையும். திங்கட்கிழமைக்கு வேண்டிய சட்டையைத் தேய்த்ததையே மறுபடி தேய்ப்பார். ஒருநாள் குழம்பில் உப்பு கூடிப்போய்விட்டது. சமைத்தது நான். முகத்தைச் சுளித்தது இனியா. அவர் தட்டை நகர்த்திவிட்டு, "மன்னிச்சுக்குங்க" என்றார். யாரிடம், எதற்கு என்று அவருக்கே தெரியவில்லை. என்னிடம் உப்புக்குச் சண்டை போடுகிற மனிதர் அவர். உப்பு, புளி, காரம் ஒன்று தவறினால் வீட்டையே இரண்டாக்குவார். எனக்கு அந்தச் சண்டைக்காரர் வேண்டும் என்று இருந்தது. குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

"ஏனுங்க, அந்த மச்சான் உங்களுக்கு நல்லது பண்றாரா கெட்டது பண்றாரா?" என்று ஒருநாள் நேராகவே கேட்டேன்.

"வேலை வாங்கிக்குடுத்தவரு. அப்படிப் பேசப்படாது," என்றார்.

அதற்கு மேல் பேச்சு இல்லை. இந்த நிலைமையில்தான் தம்பி வீட்டு விசேசத்துக்கு ஊர் வந்தோம்.

5

இலையிலிருந்து அவர் எழுந்து நின்ற மறுநாள் காலை கார்த்தி எங்களைச் சென்னிமலை முருகனுக்குக் கூட்டிக்கொண்டு போனான். அவன் காரில் அவன் ஓட்ட, இவர் முன்னால் உட்கார, நானும் இனியாவும் பின்னால். அவினாசி தாண்டியதும் கார்த்தி ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"மச்சான், நேத்து என்னைய யாருன்னு நெனச்சீங்க?"

இவருக்குப் பதிலாக நான் சொன்னேன். இவர் தடுக்கப் பார்த்தார். நான் நிறுத்தவில்லை. மால்ட்சைட்டிலிருந்து வெள்ளையடித்தது வரைக்கும், விசா நம் கையில் என்றது வரைக்கும் எல்லாவற்றையும் கொட்டினேன். நான் விட்டதை இனியா எடுத்துக் கொடுத்தாள்.

கார்த்தி மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றிக் கட்டுகிற சின்னப் பட்டறை வைத்திருக்கிறவன். பெரிய படிப்பு இல்லை, பெரிய பேச்சும் இல்லை. கேலி பேசுவான், அதில் மட்டும் ஊரில் பெயர் எடுத்தவன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"நீங்க அவர என்ன கேலி பேசுவீங்க மச்சான்?"

"நான் பேச மாட்டேன்."

"ஒருக்காகூடவா?"

"ஒருக்காகூட இல்ல. எப்படி மாப்ள பேசறது? அவரு எனக்கு மேல இருக்கறவரு."

"அதென்ன மச்சான் அப்படிச் சொல்றீங்க? என் கல்யாணத்துல என்னைய என்ன பேச்சுப் பேசுனீங்க! பொண்ணு ஊட்டுக்காரங்க முன்னால, மாப்ளைக்குத் தாலி முடிச்சுப் போடத் தெரியாது, மோட்டார் காயிலுன்னா சுத்திப்போடுவான்னு சொல்லி என் மானத்தையே வாங்குனீங்களே. நான் பதிலுக்கு உங்க செருப்பத் தூக்கிக் கெணத்துல போட்டேன். அதுதானுங்களே முறை. ஒருத்தரே பொழுதுக்கும் பேசிட்டு, இன்னொருத்தரு பொழுதுக்கும் நின்னுட்டே இருக்கறதுக்குப் பேரு முறைங்களா?"

அவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது. மலை ஏறி, சாமி கும்பிட்டு இறங்கினோம்.

திரும்பி வரும்போது பெருந்துறை தாண்டி ஒரு பேக்கரியில் நிறுத்தினோம். டீயும் தேங்காய் பன்னும் வாங்கிக்கொண்டு வெளியே பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்தோம். அப்போது அவர் கைபேசி அடித்தது. வீடியோ அழைப்பு. அங்கே காலை வேலை தொடங்கியிருக்கிற நேரம். பெயரைப் பார்த்தவுடன் அவர் எழுந்து நின்றார். பேக்கரி வாசலில், டீ டம்ளரை நாற்காலியில் வைத்துவிட்டு, போனுக்கு முன்னால் விறைப்பாக நின்றார். கார்த்தி அதைப் பார்த்தான். அவன் முகம் சிவந்துபோனது.

"என்னங்க மாப்ள, லீவுன்னா எங்களையெல்லாம் மறந்தே போயிட்டீங்களா?" சுப்பிரமணியத்தின் குரல் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. "இங்க உங்க மிசினு அழுவுதுங்க. எங்க, அப்படி அந்த போனத் திருப்புங்க, எங்க இருக்கறீங்கன்னு பாக்கலாம். அட, ரோட்டுக்கடையில டீ குடிக்கறாருங்க எங்க புரோகிராமரு!" பிறகு பக்கத்தில் இருந்தவர்களுக்கு ஜெர்மன் மொழியில் எதையோ சொல்லிச் சிரித்தார்.

"என்னம்மா சொல்றாரு?" என்று இனியாவிடம் மெல்லக் கேட்டேன்.

"நம்ம மகாராஜா பன்னு திங்கறாரு, வேல செய்யறதுக்குத்தான் சோம்பேறின்னு சொல்றாரு," என்றாள். அவள் கண் நிறைந்திருந்தது.

அது என் வீட்டுக்காரர் காதிலும் விழுந்தது. மகள் வாயால் கேட்டதாலோ என்னவோ, அவர் திரும்பி அவளைப் பார்த்தார். பிறகு போனைப் பார்த்தார். மெதுவாக, நாற்காலியிலிருந்த டம்ளரை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"மச்சானுங்க..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். "இல்லீங்க. சுப்பிரமணியம் சார்."

அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது.

"இனிமேல் என்னைய மாப்ளன்னு கூப்பிட வேண்டாமுங்க."

"என்னங்க மாப்ள, சும்மா கேலிக்குச் சொன்னதுக்குப் போயி..."

"கேலின்னா நானும் பேசியிருக்கோணுமுங்களே. இத்தன நாள்ல நான் ஒரு வார்த்த பேசலீங்க. வேல வாங்கிக்குடுத்தீங்க, அந்த நன்றி சாகறவரைக்கும் இருக்குமுங்க. முறை வேண்டாமுங்க. என் பேரு மோகனசுந்தரமுங்க. வேலயப் பத்திப் பேசறதா இருந்தா லீவு முடிஞ்சு வாரேன், அங்க பேசிக்கலாமுங்க. வெச்சிடறேனுங்க."

வைத்துவிட்டார். அவர் பெயரை நான் சொல்வதில்லை, எங்கள் வழக்கம் அப்படி. இத்தனை பக்கம் எழுதியும் "என் வீட்டுக்காரர்" என்றேதான் எழுதி வந்திருக்கிறேன். அவர் பெயரை அவர் வாயாலேயே, அந்தப் பேக்கரி வாசலில், பஸ் ஹாரன் சத்தத்துக்கு நடுவில் கேட்டபோது என் உடம்பு சிலிர்த்துவிட்டது.

டீ ஆறிப் போயிருந்தது. கார்த்தி போய் வேறொரு டீ வாங்கிவந்து அவர் கையில் கொடுத்தான். கேலி ஒன்றும் பேசவில்லை.

"வேல போச்சுன்னா என்ன பண்றது?" என்று அவர் என்னைக் கேட்டார்.

"போனாப் போவுது, சாமி," என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, நிரந்தர அனுமதியை நினைத்து எனக்கும் உள்ளுக்குள் கிடுகிடு என்றுதான் இருந்தது.

6

இதை எழுதும்போது நாங்கள் நெக்கர் ஆற்றங்கரைக்குத் திரும்பி வந்துவிட்டோம். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் பொய். இந்த வருடப் பொங்கல் விழாவுக்கு எங்களை யாரும் கூப்பிடவில்லை. சோறு போட்ட மச்சானிடமே மூஞ்சிக்கு நேராக முறை வேண்டாம் என்று சொன்ன நன்றிகெட்டவர்கள் என்று பேசிக்கொள்கிறார்கள். கடையில் எதிரே வந்த ஒரு கோவைக்கார அம்மாள் மிளகாய்த்தூள் டப்பாவைப் படிப்பதுபோல நின்றுகொண்டாள். அது எனக்கு உறைத்தது. "ஏனுங்க" என்று கூப்பிட இங்கே எனக்கு இனி ஆளில்லை.

தொழிற்சாலையில் தொழிலாளர்களுக்காகப் பேசுகிற பிரதிநிதிகள் இருக்கிறார்கள். அவர்களிடம் போகலாம் என்று ரெனாட்டேதான் வழி காட்டினாள். போவதற்கு முன்னால் இவர் இனியாவை எதிரில் உட்கார வைத்து, சொல்ல வேண்டியதை ஜெர்மன் மொழியில் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். அவள் திருத்தினாள். அப்பாவும் மகளும் அவ்வளவு நேரம் சேர்ந்து உட்கார்ந்து நான் பார்த்து வெகுநாளாகியிருந்தது. பிரதிநிதிகள் இப்போது விசாரிக்கிறார்கள். சுப்பிரமணியம் இன்னும் குழுத் தலைவர்தான். தீர்ப்பு எந்தப் பக்கம் வரும், எங்கள் அனுமதி என்னவாகும் என்று யாருக்கும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இன்னமும் அவருக்கு வயிற்றைப் பிசைகிறது. ஆனால் டப்பா கொண்டுபோகிறார். அரிசியும் பருப்பும்.

ஊரில் இருப்பவர்களுக்கு இதை எழுதத் தோன்றியதற்குக் காரணம் இருக்கிறது. கொடுமைக்காரனுக்கு மீசையும் சத்தமும் இருக்கும் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். சரவணம்பட்டியில் கண்ணாடிக் கட்டடத்தில் வேலை பார்க்கிற உங்கள் மகளிடமும், திருப்பூரில் கம்பெனிக்குப் போகிற உங்கள் மகனிடமும் யாரோ "கண்ணு" என்று கூப்பிட்டு, "நம்ம குடும்பம் மாதிரி" என்று சொல்லி, இதையேதான் செய்துகொண்டிருக்கலாம். வீட்டுக்கு வந்து ஒன்றும் சொல்ல மாட்டார்கள். சொல்ல ஒன்றும் இல்லாத மாதிரிதான் இருக்கும். கார்த்தி கேட்டதைக் கேட்டுப் பாருங்கள். பதிலுக்கு நீ என்ன பேசுவாய் என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு முகம் என்னவாகிறது என்று பாருங்கள். இதைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை, என் தம்பிக்குத் தோன்றியது.

நேற்று மத்தியானம் ரெனாட்டே எனக்குப் போன் செய்தாள். என் ஜெர்மன் மொழி எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். அதனால் குழந்தைக்குச் சொல்வதுபோல ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"இன்று அந்த மனிதர் உங்கள் கணவரின் மேசைக்கு வந்தார்."

"என்ன சொன்னாராம்?" என்று கேட்டேன்.

"எனக்கு எப்படித் தெரியும்? உங்கள் மொழியில் பேசினார்கள். வெகுநேரம் பேசினார்கள்."

"அப்புறம்?"

"அப்புறம் ஒன்றும் இல்லை. அவர் நின்றுகொண்டிருந்தார். உங்கள் கணவர் உட்கார்ந்திருந்தார்."